மீன் கடித்த மூன்று ஞாயிறுகள்

1

வருகிற ஞாயிறு அப்பாவுக்கு வருஷத் திதி. ஓசூரில் தம்பி முனிராஜ் படையல் போடுகிறான். இங்கே பின்லாந்தில், தம்பெரே நகரத்தின் மூன்றாவது மாடி வீட்டில் நாங்களும் போடுகிறோம். மீன் குழம்பு இல்லாமல் அப்பாவுக்குப் படையல் வைக்க முடியாது. கடையில் சால்மன் வாங்கிவிடலாம் என்கிறாள் என் மனைவி கவிதா. அப்பா சால்மனைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. அந்த ஆரஞ்சு நிறத் துண்டை இலையில் வைத்தால் கேரட் என்று நினைத்து ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்.

நானே பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து நிம்மதி இல்லை. இந்த ஊரைச் சுற்றிக் கரையில் நின்றபடியே பெர்ச் மீன் பிடிக்கக்கூடிய இடங்கள் எனக்கு ஏழெட்டுத் தெரியும். அவற்றில் மீன் நிச்சயம் என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான். அந்த இடத்துக்கு ஒரு வருஷமாக நான் போகவில்லை.

அப்பா போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை இறந்தார். எனக்குப் பதினேழாம் நாள் சொன்னார்கள். மூத்த மகன் நான். கொள்ளி வைத்தது தம்பி, பால் தெளித்தது தம்பி, பதினாறாம் நாள் கருமாதியில் மொட்டை போட்டு உட்கார்ந்தது தம்பி. அத்தனை நாளும் நான் இங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் விட்டதற்கு ஊரில் யார்மேலும் நான் பழி போட முடியாது. சொல்லாதே என்று சொன்னவன் நான்தான்.

முனிராஜிடம் ஒரு வருஷமாகக் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அப்பா என்னைக் கேட்டாரா? கேட்டார் என்று அவன் சொன்னாலும் எனக்குத் தாங்காது, கேட்கவில்லை என்று சொன்னாலும் தாங்காது. அதனால் வாராவாரம் போனில் மழை பெய்ததா, கரண்ட் இருக்கிறதா என்று பேசி வைத்துவிடுகிறோம்.

2

பெர்ச் என்பதை இந்த ஊர்க்காரர்கள் அஹ்வென் என்பார்கள். உள்ளங்கை நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரைக்கும் இருக்கும். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, வயிற்றுப்பக்கத் துடுப்பு சிவப்பு, முதுகில் முள். பார்க்க நம்மூர் ஜிலேபி மீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். செதில் மட்டும் சிமெண்டில் பதித்ததுபோல இருக்கும். பால்கனியில் கல் உப்புப் போட்டுத் தேய்த்துச் செதிலெடுத்த முதல் வாரமே, கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்ட கம்பியில் மீன் செதில் பறக்கிறது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அதன் பிறகு குளியலறையில்தான் எல்லாம்.

இந்த மீன் தனியாக இருக்காது, கூட்டமாகத் திரியும். ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து கடிக்கவில்லையென்றால் எழுந்து அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். கோடையில் நாணல் ஓரத்திலும், படகுத்துறைப் பலகைக்கு அடியிலும் இருக்கும். அக்டோபரில் தண்ணீர் குளிர்ந்ததும் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கிவிடும். கரையிலிருந்து பிடிக்க வேண்டுமானால் கரையை ஒட்டியே திடீரென்று ஆழமாகும் இடம் தேவை. பாறை சரிந்து இறங்கும் முனை, பாலத் தூண், பழைய ஆலைச் சுவர், இப்படி. அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டி இறக்கி, இரண்டு கையையும் விரித்து அளக்க வேண்டும். விரித்த கைக்கு ஒரு பாகம்.

அளந்து பார்க்க ஞாயிறு தோறும் டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரைக்கும் போய் இறங்குவேன். இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் கடைசியில் தண்ணீர் வரும். ஓசூரில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஏதாவது ஒரு கம்பெனி கேட் வரும் இல்லையா, அதுபோல.

இங்கே நூல் சுற்றும் ராட்டை இல்லாத சாதாரணத் தூண்டிலில் பிடிக்க யாருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டாம். இது சட்டம். வந்த முதல் வருஷமே அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அட்டை நகல், வேலை ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், நான்கு போட்டோ எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு மீன் வாளியோடு தூக்கிக்கொண்டு போனேன். ஒருநாள் மீன்வளக் கண்காணிப்பாளர் ஒருவர் ஏரிக்கரையில் வந்தார். நான் எழுந்து நின்று ஃபைலை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளியை எட்டிப் பார்த்து "நல்ல மீன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் வந்து சொன்னபோது கவிதாவும் மகள் யாழினியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது சிரித்திருக்கக் கூடாது. தாலுகா ஆபீஸ் வராண்டாவில் வளர்ந்த புத்தி அது. அதிகாரி கேட்காமல் நாமாக ஒன்றும் கேட்கக் கூடாது, நம் ஃபைல் அவர் மேசையில் இருக்கும்போது அவர் கண்ணிலேயே படக் கூடாது. அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

3

அப்பா ஓசூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வாரம் ஒருநாள் லீவு. அந்த ஒருநாளும் கெலவரப்பள்ளி அணையில் தூண்டிலோடுதான். நட்டைக் கட்டி ஆழம் பார்ப்பது அவர் பழக்கம். நட்டு கம்பெனியிலிருந்து வரும்.

அவரிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. மீன் எங்கே கடிக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கடிக்கிறது என்பதை யாரிடமும் சொல்ல மாட்டார். கூட வேலை செய்பவர்கள் வந்து கேட்டால், "எங்கப்பா, காலைல இருந்து சும்மா குந்திக்கினு இருக்கேன்" என்பார். முதுகுக்குப் பின்னால் நனைந்த சாக்கில் மூன்று கிலோ மீன் துள்ளிக்கொண்டிருக்கும். பெற்ற பிள்ளைகளிடமும் இதே கதைதான். நானும் முனிராஜும் எவ்வளவு கெஞ்சினாலும் ஆழம் மட்டும் வெளியில் வராது.

"பெரியவனே, எடத்தச் சொன்னா நாளைக்கு அங்க மீனு இருக்காது, ஆளுங்கதான் இருப்பானுங்க" என்பார்.

அப்புறம் கழிவுநீர் கலந்து அணைக்கு நுரை வர ஆரம்பித்தது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் வெள்ளை நுரை பொங்கிச் சாலை வரைக்கும் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக முடியும். அந்தத் தண்ணீர் மீனை அப்பா வீட்டுக்குள் விடவில்லை. ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. பிடிப்பார், பார்ப்பார், திரும்ப விட்டுவிடுவார். சாப்பிட வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி அணைக்குப் போய் வாங்கிக்கொண்டு வருவார். அம்மா போன பிறகு முனிராஜ் வீட்டில் இருந்தார். நான் இங்கிருந்து பேசினால் உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் ஒரு வார்த்தைதான். "கடிக்குதா அங்க?" என்பார். கடிக்கிறது என்றால் போதும், அரைமணி நேரம் பேசுவார்.

அவருக்காகத்தான் குடும்ப வாட்ஸப் குழுவில் ஞாயிறு தோறும் மீன் போட்டோ போட ஆரம்பித்தேன். அப்பாவிடம் பட்டன் போன். முனிராஜ் தன் போனில் காட்டுவான்.

4

போன வருஷம் செப்டம்பரில் இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டைக்கு மனுப் போட்டேன். பழைய அட்டை முடிவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் மனு உள்ளே போய்விட்டால் பிறகு நாட்டை விட்டு அசையக் கூடாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து வேப்பனப்பள்ளிப் பையன் ஒருவன் இதே நாட்டில் வேறொரு நகரத்தில் இருந்தான். அவன் அம்மா சாவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வர முடியாமல் நாலு மாதம் தூதரகப் படியேறினான், வேலையும் போனது. அவன் கதையை வைத்து என் கதையை நானே எழுதிக்கொண்டேன். குடிவரவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊருக்குப் போக நினைக்கிறேன் என்று கேட்டால், "ஓ, இவன் இங்கே நிரந்தரமாக இருக்கிறவன் இல்லை" என்று ஃபைலில் எழுதிவிடுவார்களோ என்ற பயம். அதனால் கேட்கவில்லை.

மனுப் போட்ட அன்று சாயங்காலம் முனிராஜுக்கு வீடியோ கால் போட்டேன். நடந்த பேச்சு எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"டேய், கார்டு வர்ற வரைக்கும் வீட்ல எது நடந்தாலும் எங்கிட்ட சொல்லாத."

"எதுண்ணா?"

"எதுனாலும்டா. நல்லது கெட்டது எதுவும். சொன்னா நான் கெளம்பிடுவேன். கெளம்புனா அவ்ளோதான், ஆறு வருசம் பட்டதெல்லாம் வீணு. யாழினி படிப்பும் போயிடும்."

"அப்பாவுக்கு எதுனா ஒண்ணுன்னா?"

"அதான் சொல்றேன். எதுனாலும்."

"செரிண்ணா" என்றான். நான் ஏதோ பெரிய திட்டம் போட்டு முடித்தவன் மாதிரி எழுந்து காப்பி போட்டுக் குடித்தேன்.

5

அந்த இடத்தை அக்டோபரில் ஒரு ஞாயிறு கண்டுபிடித்தேன். மேற்குப் பக்கம் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பிர்ச் மரங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தால், ஏரிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு பாறை. பக்கத்திலேயே முறிந்த பைன் மரம் தண்ணீரில் கிடந்தது. நட்டை இறக்கினேன். கையை விரித்து அளந்தேன். அளக்கும்போதே நூலில் டப் டப் என்று தட்டியது. புழு கோத்த தூண்டில் அடியைத் தொடுவதற்குள் முதல் மீன் வந்தது. ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணிக்குள் பதினான்கு மீன். கைவிரல் விறைத்துப்போய்க் கொக்கியைக் கழற்ற முடியவில்லை. இந்த நாட்டுக்கு வந்து நான் மனதாரச் சந்தோஷப்பட்ட நாட்களை எண்ணினால் அந்த நாள் முதல் இரண்டுக்குள் வரும். போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன்.

அடுத்த ஞாயிறும் அதே பாறை. பதினொரு மீன். போட்டோ. "சூப்பர்ணா" என்று முனிராஜிடமிருந்து பதில் வந்தது. வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு வறுத்துச் சாப்பிட்டோம். யாழினி மட்டும் சாப்பிடவில்லை. அவள் அப்படித்தான், இப்போதெல்லாம் முள் இருப்பதை, கண் இருப்பதைச் சாப்பிடுவதில்லை. தட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றதற்கு ஒன்றுமில்லை என்று பின்னிஷில் சொன்னாள். தமிழில் கேட்டால் பின்னிஷில்தான் பதில் வரும், அதற்கு நாங்கள் பழகிவிட்டோம்.

மூன்றாவது ஞாயிறும் போனேன். ஒன்பது மீன். முனிராஜ் கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் போட்டான்.

இந்த மூன்று ஞாயிறுகளில் முதலாவதன்று அப்பா நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வாரம் வியாழக்கிழமை போய்விட்டார். இரண்டாவது ஞாயிறு பால் தெளிக்கும் நாள். "சூப்பர்ணா" என்று முனிராஜ் அனுப்பியது சுடுகாட்டில் நின்றுகொண்டு. பதில் போடாவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும், கூப்பிட்டுவிடுவேன் என்று அங்கிருந்தவர்கள்தான் அவசரப்படுத்தினார்களாம். மூன்றாவது ஞாயிறு சொந்தக்காரர்கள் யார் வீட்டிலும் கவுச்சி கிடையாது. இறந்தவரின் மூத்த மகன் வீட்டில் மட்டும் மீன் வறுபட்டது.

6

பதினேழாம் நாள் காலையில் முனிராஜ் வீடியோ காலில் வந்தான். தலையில் துண்டு கட்டியிருந்தான். துண்டை எடுத்தான். அதற்கு மேல் அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

கவிதாதான் முதலில் கத்தினாள். மத்தூரில் இருக்கும் அவள் அம்மா, தம்பி, எல்லோரும் சாவுக்கு வந்து போயிருக்கிறார்கள். நடுவில் நாலு தடவை இவளிடம் பேசி, தக்காளி விலை சொல்லியிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிட்டு, "எப்பிடிம்மா உனுக்கு மனசு வந்துச்சு?" என்று கேட்டாள். "மாப்ளதான் சொல்லக் கூடாதுன்னாராமே? நாங்க என்னா பண்றது?" என்றார் அவர். அத்தோடு விடாமல், "தெரியாம மீனு சாப்ட்டா தீட்டு இல்ல, மனசுல வெச்சுக்க வேணாம்னு மாப்ளகிட்ட சொல்லு" என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

குளியலறையில் உட்கார்ந்து தாடி மெஷினால் தலையை மழித்துக்கொண்டேன். வெளியே வந்தபோது யாழினி நூலகத்திலிருந்து வந்து கூடத்தில் நின்றிருந்தாள். பதினான்கு வயது. உட்கார வைத்து, தாத்தா இறந்துவிட்டார் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும்பா" என்றாள். தமிழில்.

"யாரு சொன்னாங்க?"

"தேஜு இன்ஸ்டால போட்டிருந்தா. அன்னிக்கே. தாத்தா போட்டோக்கு மாலை போட்டு."

தேஜு முனிராஜின் மகள். வாட்ஸப்பில் யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று முனிராஜ் ஊரெல்லாம் சொல்லி வைத்தவன், இன்ஸ்டாகிராம் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டான்.

"அன்னிக்கே தெரிஞ்சா ஏன்டி எங்ககிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நீங்கதான் எதையும் எங்கிட்ட சொல்ல மாட்டீங்களே. பாட்டி செத்தப்பகூட எனக்கு எக்ஸாம் முடிஞ்சப்புறம்தான் சொன்னீங்க. இதுவும் அதே மாதிரின்னு…"

"நான் சண்டே எல்லாம் மீன் பிடிக்கப் போனேனே."

"அதான்ப்பா. அவரோட அப்பா செத்திருக்காரு, இவரு மீன் பிடிக்கப் போறாரு, சிரிச்சுக்கிட்டே வராரு, சாப்பிடறாருன்னு தோணுச்சு. எனக்கு உங்களப் பாத்தா பயமா இருந்துச்சு."

இத்தனை நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பதினைந்து நாள் அந்தப் பெண் தாத்தாவுக்குத் தனியாக அழுதிருக்கிறாள், அப்பன் கல்நெஞ்சுக்காரன் என்ற நினைப்போடு. இல்லம்மா, எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றேன். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒரு தடவை அப்படிப் பார்த்துவிட்ட கண் பழையபடி பார்ப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது தெரியாமல் போகாது.

7

நவம்பர் முதல் வாரத்தில் கைரேகை கொடுக்கக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் என் வயதில் ஒரு பெண்மணி. என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, போட்டோவில் முடி இருக்கிறதே என்றார். அப்பா இறந்துவிட்டார், எங்கள் வழக்கம் என்றேன். ஆழ்ந்த அனுதாபம் என்றவர், போய்விட்டு எப்போது திரும்பினீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

போகவில்லை, மனு நிலுவையில் இருக்கிறதே என்றேன்.

அவர் என் பழைய அட்டையைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். அட்டையை என் பக்கம் தள்ளி, தேதிமேல் விரல் வைத்தார். "இது இந்த மாதக் கடைசி வரைக்கும் செல்லும். இது செல்லும் வரைக்கும் நீங்கள் போகலாம், வரலாம். மனுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எங்களைக் கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். போன் எண் அட்டையோடு வந்த தாளிலேயே இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று கிளம்பியிருந்தால் மறுநாள் பெங்களூரில் இறங்கி, அத்திப்பள்ளி தாண்டி, மத்தியானத்துக்குள் அவர் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கலாம். காரியமெல்லாம் முடித்து நவம்பர் முடிவதற்குள் திரும்பியும் வந்திருக்கலாம். இந்த நாடு என்னைத் தடுக்கவில்லை. எந்த அதிகாரியும் தடுக்கவில்லை. கண்ணாடியில் நான்கு விரலையும் அழுத்தமாக வைக்கச் சொன்னார். வைத்தேன்.

இந்த விஷயத்தை முனிராஜிடம் இன்றுவரை சொல்லவில்லை. கவிதாவுக்கு மட்டும் தெரியும். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

8

டிசம்பரில் புது அட்டை வந்ததும் பத்து நாள் ஓசூர் போனேன். கம்பெனிப் பஸ்கள் வழக்கம்போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பாகலூர் ரோட்டில் முனிராஜ் வீட்டில் அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் தேஜுவின் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். தம்பி மனைவி என்னைக் கண்டதும் அதை வெளியே எடுக்க ஓடினாள். இருக்கட்டும் விடும்மா என்றேன்.

முனிராஜ் வண்டியில் அணைக்குக் கூட்டிப்போனான். நுரை அன்று கம்மிதான். கரையில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "நீதான வெளிநாட்டுல கீறவன்? கடைசிக்கு வரலியேப்பா" என்றார். கன்னட வாடையடிக்கும் தமிழ், குரலில் கெட்ட எண்ணம் இல்லை. நான் வாய் திறப்பதற்குள் முனிராஜ், "லீவு கெடைக்கலீங்க, கவர்மெண்டுல வுடல" என்றான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். கவர்மெண்ட் விட்டது, நான்தான் வரவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அங்கே கேட்டிருக்கலாம் அந்தக் கேள்வியையும். வண்டியில் ஏறி உட்கார்ந்து, "டீ குடிக்கலாமாடா" என்றுதான் கேட்டேன்.

9

இன்று சனிக்கிழமை காலை கேட்டுவிட்டேன். படையலுக்கு என்னென்ன வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். மீன், களி, முட்டை, ஒரு கட்டு பீடி. வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவனை நிறுத்தி, "முனி, ஆஸ்பத்திரில அப்பா என்னக் கேட்டாராடா?" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவன் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கேட்டாருண்ணா. போனு போட்டுக் குடுன்னாரு. டவர் கெடைக்கலன்னு சொல்லிட்டேன். தெனமும் அதயேதான் சொன்னேன். நீ சொன்னியேன்னுதான்."

"ம்."

"ஞாயித்துக்கெழம நீ போட்ட போட்டோவக் காட்டுனேன். பதினாலு மீனு. ரொம்ப நேரம் பாத்தாரு. மாஸ்க்க எறக்கிட்டு, 'எவ்ளோ ஆழம்னு கேளுடா'ன்னாரு. நான் டைப் பண்ணேன்."

"அது அப்பாவா கேட்டாரு?"

"அவருதான். நீ அனுப்புனதப் படிச்சுக் காட்டுனேன். சிரிச்சாரு. அப்பறம் இருமல் வந்துடுச்சு."

நான் என்ன அனுப்பினேன் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் குழுவில் ஒரு வருஷத்தைத் தள்ளித் தள்ளி மேலே போனேன். மீன் போட்டோ இருந்தது. அதற்குக் கீழே முனிராஜ் பெயரில், "எவ்ளோ ஆழம்?" அதற்குக் கீழே நான். "அதெல்லாம் சொல்ல முடியாது. அப்பா நமக்குச் சொன்னாரா?" பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை மூன்று.

"அதோட வுட்டுட்டாரா?" என்றேன்.

"இல்லண்ணா. திங்கக்கெழம கண்ணு முழிச்சதும் 'சொன்னானாடா?'ன்னாரு. இல்லப்பா, வேலைல இருப்பான்னேன். செவ்வாய்க்கெழமயும் கேட்டாரு. புதன்கெழம பேச்சு செரியா வரல. கைய இப்பிடி விரிச்சுக் காட்டுனாரு. நர்சம்மா என்னமோ வலிக்குதுன்னு நெனச்சு ஊசி போட்டாங்க. எனக்குத்தான் தெரியும், எத்தன பாகம்னு கேக்கறாருன்னு. நான் ஒரு கணக்கு சொல்லிருக்கலாம்ணா. ரெண்டு பாகம்னு சொல்லிருந்தா போதும், வுட்டிருப்பாரு. பொய் சொல்லவும் வாய் வரல."

அவன் அழுதான். நான் அழவில்லை. அந்த மூன்று பொம்மைகளை அழிக்க முடியுமா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளாகிவிட்டால் எல்லோருடைய போனிலிருந்தும் அழியாதாம். என் போனில் மட்டும்தான் அழியும் என்றது. விட்டுவிட்டேன்.

ஒன்றரைப் பாகம், அப்பா. அடியில் சேறு கிடையாது, கல்.